தணலுக்கு ஏற்ற செடி

செண்பகவல்லி திருவனந்தபுரத்துக்கு வந்த புதிதில் பார்த்த வேலை சுவர் எழுப்புவது. கொத்தனார் ஞானசிகாமணிக்கு வாழ்க்கைப்பட்டு ராதாபுரத்துப் பக்கமிருந்து வந்து இறங்கிய மறுவாரமே சாந்துச் சட்டியைத் தலையில் ஏற்றிவிட்டாள். பட்டம், பேரூர்க்கடை, குமாரபுரம் என்று நகரத்தின் எந்தப் பக்கம் போனாலும் அவள் சுமந்த செங்கல்லில் நிற்கிற வீடு ஒன்றாவது உண்டு. பஸ்ஸில் போகும்போது அவள் அதையெல்லாம் காட்டமாட்டாள். அக்கா இசக்கிசெல்விதான் காட்டுவாள். "அந்தா, அந்த மஞ்ச வீடு எங்க செண்பகம் கட்டுனது" என்று பக்கத்து சீட்டுக்கும் கேட்கிற மாதிரி சொல்வாள்.

பல வருஷம் சுமந்தபின் இடுப்பு பிடித்துக்கொண்டது. மருத்துவக் கல்லூரியில் படம் எடுத்துப் பார்த்தவர்கள் இனிமேல் கனம் தூக்கக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அதன்பிறகுதான் நேமத்தில் ஷிபு நடத்துகிற நர்சரியில் சேர்ந்தாள். அங்கே அவளுக்குக் கொடுத்த வேலை பை நிறைப்பது. செம்மண், மணல், உலர்ந்த சாணம், இந்த ஊரில் சகிரிச்சோறு என்று சொல்லும் தேங்காய் நார்த்தூள் எல்லாவற்றையும் கலந்து, கறுப்புப் பிளாஸ்டிக் பைகளில் தட்டித் தட்டி நிறைக்க வேண்டும். தாழ்ந்த பலகையில் உட்கார்ந்து செய்கிற வேலைதான். இடுப்புக்கு அதுவும் நல்லதல்ல, ஆனால் தலைச்சுமைக்கு அது தேவலை.

உட்கார்ந்த இடத்திலேயே செடிகளைக் கற்றுக்கொண்டாள். வாங்க வருகிறவர்கள் கேட்பதைக் காதில் வாங்குவாள். ஒரே செடிக்கு இங்கே மூன்று பெயர். அவள் ஊரில் இட்லிப்பூ என்றால் இங்கே செத்தி; அட்டையில் இங்கிலீஷில் வேறொன்று இருக்கும். மஞ்சள் நிறத்தில் குழல் குழலாய்ப் பூக்கிற கொடியை இங்கே கோளாம்பி என்பார்கள். எட்டாம் வகுப்போடு நின்ற படிப்புதான் என்றாலும், பெயர் மாறி ஒரு செடியை எடுத்துக் கொடுத்தாள் என்று அவளைப் பற்றி ஒரு புகார் வந்ததில்லை. மலையாளத்தில் ஒரு சொல் புதிதாகக் காதில் விழுந்தால் அதன் அர்த்தத்தை விசாரித்துத் தெரிந்துகொண்ட பிறகுதான் அடுத்த பையை எடுப்பாள்.

வீடுகளுக்குப் போய் இடம் பார்த்து, செடி தேர்ந்தெடுத்து, நட்டுவிட்டு வருகிற வேலை மட்டும் அவளுக்கு வரவில்லை. அதற்கு சுமந்த் என்றொரு பையன் இருந்தான்; தோட்டம் அமைப்பதற்கென்றே ஒரு கோர்ஸ் படித்தவன். அவன் ஒவ்வொரு நாளும் வண்டியில் செடி ஏற்றிக்கொண்டு கிளம்புவதை அவள் பலகையில் இருந்தபடி பார்ப்பாள். போகிற செடி எந்த மாதிரி வீட்டில் எந்த மூலையில் நிற்கப்போகிறது என்பது அவளுக்குத் தெரியாமலே போகும். அது அவளுக்கு ஒரு குறை. வெளியில் சொன்னதில்லை, அக்காவிடம் தவிர.

ஜூன் மாதம் சுமந்த்துக்குக் கழக்கூட்டம் என்ற ஊரில் பெரிய வேலை ஒன்று வந்து மாட்டிக்கொண்டது. அந்த வாரம்தான் வலியசாலையிலிருந்து சீதாலக்ஷ்மி என்ற அம்மாள் போன் செய்தார்கள். வீட்டுக்குப் பின்னால் ஒரு பெரிய மொட்டைச் சுவர், அதைச் செடியால் கொஞ்சம் மறைத்துத் தரவேண்டும் என்றார்கள். ஷிபு போனை வைத்துவிட்டு யோசித்தான்.

"செண்பகம் சேச்சி, இது நீங்க போனா மதி, அது போதும். அக்ரஹாரத்து அம்மா. தமிழ்தான் பேசுது. ரெண்டு பேருக்கும் பாஷை ஒண்ணு, ஒரு குழப்பமும் வராது."

"நானா?"

"பின்னே? இது நல்லா வந்தா இனி வீட்டு வேலைக்கு நீங்களும் போகலாம். பை நிறைக்க வேற ஆளப் பாக்கறேன். நல்லா வரலேன்னா" என்று பலகையைக் காட்டினான். கிண்டலாகச் சொன்னாலும் அவன் சொன்ன சொல் மாறாதவன் என்பது எல்லோருக்கும் தெரியும்.

வலியசாலைத் தெருவில் வீடுகள் ஒன்றோடொன்று தோள் உரசி நிற்கும். முன்பக்கம் குறுகல், பின்பக்கம் நீளம். சீதாலக்ஷ்மியின் வீட்டை ஒட்டி இருந்த பழைய வீட்டை நீலகண்டன் என்பவர் வாங்கி இடித்து, மாணவர்களுக்கு வாடகைக்கு விடுவதற்காக மூன்று மாடி எழுப்பியிருந்தார். அதன் பக்கச் சுவர் சீதாலக்ஷ்மியின் கிணற்று முற்றம் முழுக்க நீண்டு, ஒரு ஜன்னல்கூட இல்லாமல், வெள்ளையடித்து நின்றது. அரசு அலுவலகத்தில் செக்‌ஷன் ஆபீசராக இருந்து ஓய்வு பெற்றவர் சீதாலக்ஷ்மி. கணவர் காலமாகி, ஒரே மகன் மஹேஷ் பெங்களூரில் இருக்க, தனியாக வாழ்கிறார். சமையலறைக் கதவைத் திறந்தால் அந்தச் சுவர்தான்.

செண்பகவல்லி போய்ச் சேர்ந்தபோது சாயங்காலம் இருட்டிவிட்டது. வைகாசிப் பாதியில் தொடங்குகிற இடவப்பாதி மழை விடாமல் கொட்டியது. தெருவில் கரண்டும் இல்லை. சீதாலக்ஷ்மி ஒரு எமர்ஜென்சி விளக்கைத் தூக்கிப் பிடித்துக் காட்ட, இருட்டில் அந்தச் சுவர் மட்டும் வெள்ளை வெளேரென்று கண்ணைக் கூச வைத்தது.

"பாத்தியோ? காலம்பற எழுந்து பால் காய்ச்ச வந்தா இது என்னை மொறைக்கறது. முன்னெல்லாம் இங்கேருந்து பாத்தா ஆகாசம் தெரியும். இப்போ ஒரே டென்ஷனாக்கும்."

"வெயில் எப்பிடி மாமி, இந்தப் பக்கம்?"

"இங்கயா? தணல்தான். காலம்பறலேந்து சாயரட்சை வரைக்கும் முழுக்கத் தணல். அந்தத் தணலுக்கு ஏத்த செடியா நீ கொண்டு வரணும். முன்னாடி ஒருத்தன் ரோஜா வச்சான். ஒரு மாசத்துல போயிடுத்து."

"சரி மாமி. தணலத் தாங்குத செடியாவே பாத்துக் கொண்டாரேன்."

"ஒண்ணு சொல்லிடறேன். சுவத்துல ஆணி அடிக்கப்படாது. நீலகண்டன் கண்டிஷன். அவன் சுவராக்கும்."

அதற்கு அவளிடம் வழி இருந்தது. சுவரில் வேர் பிடிக்கிற கொடி ஏறினால் பூச்சுக்குள் ஈரம் இறங்கும் என்று கட்டடத்தில் நின்றவளுக்குத் தெரியும். சுவரைத் தொடாமல் ஒரு சாண் விட்டு, கமுகமரத்தைப் பிளந்த பட்டைகளைக் கயிற்றால் கட்டி ஒரு சட்டம் நிறுத்திவிடலாம். ஞானசிகாமணி அதை ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடித்துக் கொடுத்தான்.

செடி தேர்ந்தெடுப்பதற்கு அவள் எடுத்துக்கொண்ட சிரமம் கொஞ்சமல்ல. வெள்ளைச் சுவர் வெயிலைத் திருப்பி அடிக்கும். மேலிருந்து ஒரு வெயில், சுவரிலிருந்து ஒரு வெயில். அதனால்தான் அந்த அம்மாளே தணல் என்று சொல்லியிருக்கிறார்கள். வெறும் வெயிலானால் வெயில் என்று சொல்லியிருப்பார்களே. ரோஜா கருகிப்போனதில் ஆச்சரியம் என்ன. இப்படி ஒவ்வொன்றாய் யோசித்து, எரிகிற வெயிலிலும் சிரிக்கிற செடிகளாகப் பொறுக்கினாள். சட்டத்தில் ஏற இரண்டு நிறத்தில் காகிதப்பூ, நடுவில் கோளாம்பி, அடியில் இட்லிப்பூ, ஓரத்தில் தங்க அரளி. ஷிபு வந்து பார்த்து, "கொள்ளாம், நல்லாருக்கு" என்றான். வெயில் சுவருக்கு அதைவிட நல்ல தேர்வு சுமந்த்கூடச் செய்திருக்க முடியாது.

நட்டது கர்க்கடக மாதம், தமிழில் ஆடி. அப்போதும் மழைதான். அந்தச் சமயத்தில் திருவனந்தபுரத்தில் வெயில் எங்குமே இல்லை. அந்த முற்றத்திலும் இல்லை என்பதை யார் தனியாகக் கவனிப்பார்கள். மழைக்குக் குனிந்த தலையை அவள் அண்ணாந்து பார்க்கவும் இல்லை. ஒன்றை மட்டும் அவள் கவனித்தாள். கிணற்றுச் சுற்றுச்சுவரில் பாசி, கம்பளம் விரித்தாற்போல் தடிமனாக இருந்தது. தணலடிக்கிற முற்றத்தில் இவ்வளவு பாசியா என்று கை ஒரு நிமிஷம் நின்றது. மழைக்காலம்தானே என்று தனக்குத்தானே சொல்லிவிட்டு, குழியை மூடினாள்.

சிங்க மாதம், அதாவது ஆவணி, பிறந்து மழை ஓய்ந்தது. ஓணத்துக்கு முன்னால் சீதாலக்ஷ்மி நர்சரிக்குப் போன் செய்தார்கள். குரலில் கோபமில்லை, அதுதான் பயமாக இருந்தது.

"செண்பகம், இலையெல்லாம் கொட்டறது. பூ ஒண்ணுகூட இல்லை. கொடி நூல் மாதிரி நீண்டுண்டு போறது. மஹேஷ் வீடியோல பாத்துட்டு, பிளாஸ்டிக்ல பச்சைப் பலகை வருதே, அத மாட்டிடலாம்கறான். நவராத்திரிக்கு வரச்சே அளவெடுக்கப் போறானாம். நீ ஒரு நடை வந்து பாரு."

மறுநாள் மத்தியானம் போனாள். கிழக்கேகோட்டையில் பஸ் இறங்கி, சாலைக் கடைத்தெரு வழியாக நடந்து வருவதற்குள் வெயில் உச்சியில் ஆணி அடித்தது. புடவைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டு, முகமெல்லாம் வேர்த்து ஊற்ற, வாசலில் வந்து நின்றாள். சீதாலக்ஷ்மி அவளைப் பார்த்ததும் பதறிப்போனார்கள்.

"ஐயோ பாவம், முகம் எப்படிச் செவந்திருக்கு பாரு. வா, வா, பின்னால வா. செத்த தணல்ல உக்காரு. நான் மோர் எடுத்துண்டு வரேன்."

செண்பகவல்லி பின்னால் போய், கிணற்றடியில் உட்கார்ந்தாள். ஜில்லென்று இருந்தது. அண்ணாந்து பார்த்தாள். ஒரு பக்கம் நீலகண்டனின் சுவர். எதிர்ப்பக்கம் சேஷன் என்ற அண்டைவீட்டுக்காரரின் மாடி. பின் சந்திலிருந்து ஒரு பலாமரம் குடை பிடித்தாற்போல முற்றத்தின் மேல் கவிந்திருந்தது. மத்தியான வெயில் தெருவையெல்லாம் வறுத்துக்கொண்டிருக்க, அங்கே தரையில் பலா இலைகளின் வழியாக விழுந்த காசுக் காசான வெளிச்சம் தவிர வேறு வெயில் கிடையாது. தணல்ல உக்காரு என்று அந்த அம்மாள் சொன்னது அப்போதுதான் அவளுக்கு முழுசாகக் கேட்டது.

மலையாளத்தில் தணல் என்றால் நிழல். அது அவளுக்குத் தெரியாத சொல்லா? தணல் வேணும், தணலில் வளரும் செடி வேணும் என்று நர்சரியில் தினம் யாராவது கேட்பார்கள், எடுத்துக் கொடுப்பாள். ஆனால் அவர்கள் மலையாளத்தில் கேட்பார்கள். மலையாளம் கேட்டால் அவள் காது நிமிர்ந்து உட்காரும். தமிழ் கேட்டால் காலை நீட்டிப் படுத்துக்கொள்ளும். அன்றைக்குப் படுத்துக்கொண்டுவிட்டது.

சீதாலக்ஷ்மி மோர் டம்ளரை நீட்டினார்கள். அவள் வாங்காமல் கேட்டாள்.

"மாமி, தணல்னா என்ன?"

"இதென்னடி கேள்வி. தணல்னா தணல்தான். நீ உக்காந்திருக்கியே, இதாக்கும் தணல்."

"நெழலா?"

"ஆமாம். பின்னே?"

"அப்போ அடுப்புல கெடக்குமே, செவப்பா, கரித்துண்டு?"

"அது கனல்." சீதாலக்ஷ்மிக்கு ஒன்றும் புரியவில்லை. "அடுப்புல இருக்கறது கனல். மரத்தடியில இருக்கறது தணல். இதுகூட தெரியாதா நோக்கு? தமிழ்க்காரிதானே நீ?"

"எங்க ஊர்ல ரெண்டும் அடுப்புலதான் மாமி."

சீதாலக்ஷ்மி அப்படியே கிணற்றுத் திட்டில் சாய்ந்துகொண்டார்கள். நடந்தது என்ன என்று புரிந்ததும் ஒரு சிரிப்பு வந்தது, அதை உடனே அடக்கிக்கொண்டார்கள்.

"அதெப்படி? நாங்க பேசறது சுத்தத் தமிழாக்கும். தஞ்சாவூர்லேந்து வந்தவா நாங்க. நீங்கள்லாம்தான் அந்தப் பக்கம் என்னென்னமோ சொல்லுவேள்."

"இல்ல மாமி, அது மலையாளம்."

"மலையாளமாவது. எங்காத்துல எல்லாரும் தணல்னுதான் சொல்லுவா."

"எல்லாரும் இங்க பொறந்தவங்கதான மாமி."

 சீதாலக்ஷ்மி மோரை மறுபடி நீட்டினார்கள். செண்பகவல்லி குடித்தாள். எழுந்து போய், இலை கொட்டிய காகிதப்பூக் கொடியைக் கையில் பிடித்துப் பார்த்தாள்.

"அப்போ ரோஜா போனதும் இதனாலதான்" என்றாள் செண்பகவல்லி.

"ஆமாம். தணல்ல ரோஜா வருமோ? அவனுக்கும் தெரியலை" என்றார்கள் சீதாலக்ஷ்மி, விட்டுக்கொடுக்காமல்.

நர்சரிக்குத் திரும்பும் வழியெல்லாம் ஷிபுவிடம் என்ன சொல்வது என்று மனசுக்குள் ஓட்டிப் பார்த்தாள். அந்த அம்மாள் தப்பாகச் சொன்னார்கள் என்றால் அது பொய் இல்லை. முழு உண்மையும் இல்லை. சொல் ஒன்றுதான் தப்பு. பாசி தப்பாகச் சொல்லவில்லை. பாசியைப் பார்த்தும் கேட்காமல் விட்டது அவள். ஷிபுவிடம் இரண்டையும் சொன்னாள்.

ஷிபு தலையில் கை வைத்துக்கொண்டு சிரித்தான். "ஈஸ்வரா, பாஷை ஒண்ணுன்னு அனுப்பினது நான்தான். ஒரு மலையாளிய அனுப்பியிருந்தா ஒழுங்கா நடந்திருக்கும்." பிறகு சிரிப்பை நிறுத்தினான். "அந்தச் செடியெல்லாம் பிடுங்கிக் கொண்டு வாங்க, பொழைக்கறது பொழைக்கட்டும். இன்னும் ஒரு தடவை பாருங்க. நவராத்திரிக்கு அந்த மகன் வரும்போது சரியில்லேன்னா சுமந்த் போய்ப் பலகை மாட்டட்டும். அப்புறம் என்னைக் கேக்கக்கூடாது."

"கேக்க மாட்டேன்."

கரமனையில் அவர்கள் குடியிருக்கிற வரிசை வீட்டில் அடுத்த அறை இசக்கிசெல்வியுடையது. கேட்டதும் அவளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

"ஏட்டி, நெழலக் கேட்டவங்களுக்கு நெருப்புக்குச் செடி வச்சிட்டு வந்திருக்க."

"சிரிக்காத. எனக்கு வயிறு எரியுது."

"எரியட்டும், அதுவும் தணல்தான்." பிறகு தங்கையின் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலை இறக்கினாள். "சரி விடு. நீ வச்ச செடிய நீயே எடுக்கப் போற. இனி அந்த எடத்த முழுசாப் பாத்துட்டு வையி. பொழுதன்னைக்கும் அங்கயே கெட. லீவுதான நாளைக்கு."

அப்படியே செய்தாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் போய், பகல் முழுக்க அந்த முற்றத்தில் இருந்தாள். சீதாலக்ஷ்மி முதலில் சங்கடப்பட்டு, பிறகு பழகிப்போய், கீரை ஆய்ந்தபடி எதிரில் வந்து உட்கார்ந்துகொண்டார்கள்.

ஒரு பகலில் அந்தச் சுவர் பல விஷயங்களைக் காட்டியது. நிழல் என்றாலும் ஒரே நிழல் இல்லை. மேல் பகுதியில் காலையில் கொஞ்ச நேரம் சேஷன் வீட்டு மாடியைத் தாண்டி ஒரு மஞ்சள் வெளிச்சம் வந்து தொட்டுவிட்டுப் போகிறது. நடுவில் எப்போதும் ஒரு மங்கலான பச்சை வெளிச்சம், பலா இலையின் வழியாக. அடியில் கிணற்றை ஒட்டிய பகுதி இருட்டுதான்; மண் கையில் பிசுபிசுக்கிறது. தெற்கு மூலையில் நீலகண்டன் வீட்டு ஏசி ஒன்று சுவருக்கு வெளியே தொங்கி, மதியத்தில் சூடான காற்றைச் சீறியது. அந்த முற்றத்தில் உண்மையில் தணல் என்று சொல்லத்தக்கது அந்த மூலை ஒன்றுதான்.

இன்னொன்றையும் பார்த்தாள். சீதாலக்ஷ்மி சமையலறை வாசலில் உட்கார்ந்தால் பார்வை போய் விழுவது சுவர் முழுக்கவும் அல்ல. நேர் எதிரில், ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே ஒரு இடம். பிறகு சுவரின் இரண்டு ஓரங்கள், அது எங்கே முடிகிறது என்று கண் தேடிப் போகிற இடம். மூன்றாவது, சுவர் தரையில் இறங்குகிற கோடு. இந்த மூன்றையும் இலையால் கலைத்துவிட்டால் மீதி வெள்ளை இருந்துவிட்டுப் போகட்டும் என்று அவளுக்குத் தோன்றியது. முதல் தடவை அவள் சுவரை மூடப் பார்த்தாள். சித்தாளின் புத்தி அது. சுவர் என்றால் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை பூசி முடிக்க வேண்டும்.

பூவை மறந்துவிட வேண்டியிருந்தது. நிழலில் பூவை எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். இலையின் அளவும் நிறமும்தான் அங்கே பூ. சட்டத்தில் ஏற மணி பிளான்ட்டைத் தேர்ந்தாள். தொங்கவிட்டால் அதன் இலை சிறுத்துப்போகும், ஏறவிட்டால் மேலே போகப் போகப் பெருக்கும் என்று நர்சரியின் பின்பக்கத் தென்னையில் ஏறிய கொடியில் பார்த்திருக்கிறாள். அதோடு ஒரு நல்லமிளகுக் கொடியும், ஒரு வெற்றிலைக் கொடியும். நடுவில், கண் விழுகிற இடத்துக்கு, ஓட்டை ஓட்டையாய்ப் பெரிய இலை விடுகிற மான்ஸ்டிரா ஒன்று, ஏற்கெனவே வளர்ந்ததாக. இரண்டு ஓரங்களிலும் மூங்கில் போலக் கொத்தாக நிற்கிற குட்டைப் பனை. உயரம் வேண்டும், அகலம் வேண்டாம் என்பதற்காக. அடியில் இருட்டுக்கு வெள்ளைக் கோடு போட்ட இலைகளாகப் பார்த்தாள். அடர்பச்சையை அங்கே வைத்தால் இருட்டோடு இருட்டாகப் போய்விடும், வெளிர்நிறம்தான் கண்ணுக்குத் தெரியும். கிணற்றோரம் ஈரத்தில் பெரணி. ஏசி மூலையில் மட்டும் என்ன வைப்பது என்று தெரியாமல், அங்கேயும் பெரணியையே நீட்டினாள். அது தப்பு என்று அவளுக்கே பாதி தெரியும். வரிசை குலையக்கூடாது என்ற ஆசை.

"வெத்தலை வைக்கறயா?" என்று சீதாலக்ஷ்மிக்கு அதில் ஒரு சந்தோஷம். "பூஜைக்குக் கடையில வாங்கிண்டிருக்கேன்."

"தண்ணி ரொம்ப ஊத்தாதீங்க மாமி. நெழல்ல மண்ணு காயாது. வெரல விட்டுப் பாத்துட்டு ஊத்துங்க."

"தணல்ல" என்று திருத்தினார்கள் சீதாலக்ஷ்மி.

"சரி, தணல்ல."

ஏசி மூலையின் பெரணி பத்து நாளில் அப்பளம் மாதிரி மொறுமொறுத்துப்போனது. செண்பகவல்லி வந்து அதைப் பிடுங்கிவிட்டு, கத்தி கத்தியாய் நிமிர்ந்து நிற்கிற பாம்புச் செடியை வைத்தாள். அது அசையவே இல்லை, நிழலோ சூடோ அதற்கு ஒன்றுதான். வெற்றிலைக் கொடிதான் அவளைக் கஷ்டப்படுத்தியது. அடியிலிருந்து கறுத்து, இலை தளர்ந்து சாய்ந்தது. மண்ணைத் தொட்டுப் பார்த்தாள். கஞ்சியாக இருந்தது.

"மாமி, தெனம் ஊத்துனீங்களா?"

"வெத்தலைக்கு மட்டும்தான். அது குடிக்கறாப்போல நேக்குத் தோணித்து."

"குடிக்கல. முங்கிருக்கு."

 செண்பகவல்லி நுனியில் நல்லதாக இருந்த கணுக்களை வெட்டி, வேறு இடத்தில் மணல் கூட்டி மறுபடி நட்டாள். அதன்பிறகு வாளியை எடுக்கும்போதெல்லாம் சீதாலக்ஷ்மி விரலை மண்ணில் விட்டுப் பார்த்தார்கள். சில நாள் நர்சரிக்குப் போன் செய்து, "பாதி விரல் ஈரமா இருக்கு, ஊத்தலாமோ?" என்று கேட்பதும் உண்டு. செண்பகவல்லி கையில் மண்ணோடு போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, "நாளைக்கு ஊத்துங்க" என்பாள். சுற்றியிருப்பவர்கள் சிரிப்பார்கள்.

நவராத்திரி வந்தது. மஹேஷ் வந்த மறுநாள் ஷிபு அவளையும் கூட்டிக்கொண்டு போனான். கையில் அளவெடுக்கிற டேப்புடன் மஹேஷ் முற்றத்தில் நின்றிருந்தான். மரியாதையான பையன்.  அன்றைக்கு அந்தச் சுவர் செண்பகவல்லி நினைத்த அளவுக்கு நிறைந்திருக்கவில்லை. மணி பிளான்ட் சட்டத்தில் பாதிதான் ஏறியிருந்தது. மிளகுக் கொடி இன்னும் யோசித்துக்கொண்டிருந்தது. மேல் பாதி முழுக்க வெள்ளைதான்.

"அடுத்த வருஷம் மேல வரைக்கும் போகுமா அக்கா?" என்று மஹேஷ் கேட்டான்.

"முக்கால்வாசி போகும் தம்பி. மேல கொஞ்சம் வெள்ளை நிக்கும். முழுசா மூடும்னு நான் சொல்ல மாட்டேன்."

"பலகைன்னா ஒரே நாள்ல மூடிடலாம். தண்ணியும் ஊத்த வேண்டாம். அம்மாக்கு வயசாறது, தெனமும் வாளி தூக்கிண்டு—" அவன் அம்மாவைப் பார்த்தான். "நீ சொல்லும்மா. உனக்கு எப்படி இருக்கு? மொதல்ல போன் பண்ணறச்சேல்லாம் சுவர் மொறைக்கறது, சுவர் மொறைக்கறதுன்னு சொல்லிண்டிருந்தியே."

சீதாலக்ஷ்மி சமையலறை வாசலில், அவர்கள் எப்போதும் உட்காருகிற இடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். 

"ரெண்டு வாரமா நான் சுவத்தப் பாக்கவே இல்லேடா. இந்த ஓட்டை இலை சுருண்டுண்டு இருக்கு பாரு, நாளைக்கு விரியும். அதத்தான் பாத்துண்டிருக்கேன்."

"அப்போ மேல இருக்கற வெள்ளை?"

"எங்க?" என்று நிமிர்ந்து பார்த்தார்கள். "ஆமாம், இருக்கு. இருக்கட்டும்."

மஹேஷ் டேப்பை விட்டான். அது சர்ரென்று பெட்டிக்குள் போய் மாட்டிக்கொண்டது.  ஷிபு குனிந்து பாம்புச் செடியின் அடியைத் தொட்டுப் பார்த்தான், எழுந்தான், கொடுத்த சுண்டலைத் தின்றான். செண்பகவல்லிக்குக் கொடுத்த சுண்டல் கையிலேயே இருந்தது.

வண்டியில் திரும்பும்போது, கரமனைப் பாலம் தாண்டியதும் ஷிபு ஆரம்பித்தான்.

"பெரணி அந்த மூலையில வச்சது தப்பு" என்றான்.

"ஆமா."

"வெத்தலைக்கு மொதல்லயே மணல் கூட்டியிருக்கணும்."

"ஆமா."

"திங்கக்கிழமை பூஜப்புரையில ஒரு வீடு. மேற்குப் பாத்த சுவர். நீங்க போங்க. செடி ஒண்ணும் எடுத்துட்டுப் போக வேண்டாம். மொதல்ல போய் உக்காந்து பாத்துட்டு வாங்க. வீட்டுக்காரர் மலையாளி, அதனால பயமில்லை."

அவள் சரி என்று மட்டும் சொன்னாள். வீட்டுக்கு வந்து அக்காவிடம் அதையே இரண்டு தடவை சொன்னாள். இசக்கிசெல்வி அதைக் கண்டுகொள்ளாத மாதிரி அடுப்பில் கிடந்ததைக் கிளறிக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை காலையில் பூஜப்புரை வீட்டுக்காரர் கதவைத் திறந்தபோது, வாசலில் ஒரு பெண் குடை மடக்கி, தூக்குச்சட்டியில் சோறோடு நின்றிருந்தாள். நர்சரியிலிருந்து என்றதும் அவர் தெருவில் வண்டியைத் தேடினார். செடி எங்கே என்று கேட்டார். அவள் மேற்குச் சுவர் எந்தப் பக்கம் என்று கேட்டாள். அவர் கை காட்டிய இடத்துக்குப் போய், ஒரு கல்லை இழுத்துப் போட்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். வெயில் இன்னும் அந்தப் பக்கம் வரவில்லை.